முன்கதவின் கிழிசல்

என் காரின் இடப்பக்க முன்கதவில், உள்பக்கமாக, கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கிழிசல் இருந்தது. ரெக்சின் கிழிந்து, அதன் பின்னால் இருந்த மஞ்சள் ஸ்பாஞ்சு தெரியும். என் மனைவி அந்தப் பக்கம் உட்காருவாள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் விரல் அந்த ஓட்டைக்குள் போய்விடும். ஸ்பாஞ்சைக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொள்வாள். இறங்கும்போது அவள் சேலையெல்லாம் மஞ்சள் தூளாக இருக்கும்.

"ஏன் இப்படிச் சுரண்டுற? வண்டிய என்னன்னு நெனச்ச?" என்று கேட்பேன். நோய் வந்த பிறகும் கேட்டேன். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது என்று தெரிந்தும் கேட்டேன்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கார் மீது எனக்கு இருந்தது ஆசை மட்டும் அல்ல. என் அப்பா கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர். அறுப்புக் காலத்தில் முதலாளி வீட்டு வண்டி வந்தால் வரப்பை விட்டு இறங்கி நிற்பார். நான் படித்தேன், மதுரைக்கு வந்தேன், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன், தல்லாகுளத்தில் வீடு வாங்கினேன். எங்கள் சொந்தத்தில் கார் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதனால் அதை ஒரு வண்டியாக நான் எப்போதும் நினைத்ததில்லை. சீட்டின் மேல் கம்பெனியில் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையைப் பல வருஷம் கழற்றாமல் வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்தால் முதுகு ஒட்டிக்கொள்ளும். அவள் புறங்கையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொள்வாள்.

வண்டிக்கு நான் சட்டங்கள் வைத்திருந்தேன். ஏறுவதற்கு முன் வெளியே நின்று ஒரு காலை மறு காலில் தட்டி மண்ணை உதற வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் சாயக் கூடாது. வண்டிக்குள் எதையும் தின்னக் கூடாது. ஒருமுறை அவள் அம்மா ஊரிலிருந்து எங்களோடு கிளம்பும்போது கருவாட்டுப் பை கொண்டுவந்தார்கள். வண்டி நாறிவிடும் என்றேன். மாமியார் பையோடு பஸ்ஸில் ஏறினார்கள். அம்மாவைத் தனியாக அனுப்ப மனம் வராமல் அவளும் அதே பஸ்ஸில் ஏறினாள். நான் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் வந்தேன். முந்திப் போகக் கூச்சமாக இருந்தது. அன்று எனக்கு வந்தது அந்தக் கூச்சம் மட்டும்தான்.

அவளுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னது பின்னால். முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள், பிறகு மகளின் பெயரை. கடைசியில் சாப்பிடுவதை மறந்தாள் என்று நாங்கள் நினைத்தோம். தட்டைப் பார்த்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஊட்டினால் முகத்தைத் திருப்புவாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா காலையில் வந்து சாயங்காலம் போவார். அவர் கெஞ்சிப் பார்ப்பார், மிரட்டிப் பார்ப்பார்.

"யக்கா, ஒரு வாயி. இதுல என்ன வெசமா வச்சிருக்கேன்? எம் புருசனுக்கே வைக்கல, ஒங்களுக்கா வைக்கப் போறேன்?"

அவள் சிரிப்பாள். சிரிக்கும்போதும் பல் தெரியாது. உடம்பு குச்சியாகிவிட்டது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். குழாயை அவள் பிடுங்குவாள், அதனால் கைகளைக் கட்டிவைக்க வேண்டிவரும் என்பதையும் அவரே சொன்னார்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் காற்று வாங்கட்டும் என்று அவளை வண்டியில் ஏற்றிச் சமயநல்லூர்ப் பக்கம் போனேன். வீட்டில் தொடாத இட்லியை டப்பாவில் போட்டு அந்த அம்மா என் கையில் கொடுத்திருந்தார். சாலையோரம் ஒரு புளியமரத்துக்கு அடியில் நிறுத்திவிட்டுப் பின்சக்கரத்தைப் பார்க்க இறங்கினேன். காற்றுக் குறைந்திருப்பதுபோல் தோன்றியது. திரும்பி வந்தால் டப்பா திறந்திருக்கிறது, இட்லியைக் காணோம். அவள் சேலைத் தலைப்பால் வாயை வேகமாகத் துடைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாளும் போனேன். நான் இறங்கிச் சற்றுத் தள்ளி நின்றால் அவளே எடுத்துச் சாப்பிட்டாள். சில நாள் கழித்து, நான் உள்ளே இருக்கும்போதும் ஊட்டிவிட்டால் வாங்கிக்கொண்டாள். "வீட்ல பூட்டுன பொட்டி மாதிரி இருக்கு அக்கா வாயி. வண்டியில ஏறுனா காக்காக் குஞ்சு மாதிரி தெறக்குது. என்ன மாயம் சார் இது?" என்று கூட வந்திருந்த அந்த அம்மா கேட்டார். மாயம் எல்லாம் இல்லை, காற்றோட்டம்தான் காரணம் என்று ஓர் ஆசிரியரின் தொனியில் விளக்கினேன்.

அதன்பின் தினமும் போனோம். வண்டி பழையது, உள்ளே எல்லாம் போய்விட்டது. கூரைத் துணி பசை விட்டுத் தொங்கி எங்கள் தலையில் உரசும். அதைக் குண்டூசிகள் குத்தி நிறுத்தியிருந்தேன். சீட் தையல் வாயைப் பிளந்திருந்தது. அவள் அடக்க முடியாமல் சீட்டிலேயே சிறுநீர் போய்விடுவாள். எத்தனை சோப்புத் தண்ணீர் விட்டாலும் வெயில் ஏறினால் அந்த வாடை எழும்பும். அதோடு அவள் தலை எண்ணெய் வாடை, மருந்து வாடை, சட்னி வாடை.

அவளுடைய தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. கொட்டாம்பட்டி மண்டபத்தில். அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே அந்த வண்டியை நிறுத்துவதை நினைத்துப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் யாராவது மூக்கைப் பிடிப்பார்கள். வாத்தியார் வண்டி நாறுகிறது என்பார்கள். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் உள்வேலை எல்லாம் புதிதாகச் செய்யப்போகிறேன் என்று மகளிடம் போனில் சொன்னேன். அது பொய். மண்டபத்து வாசலை நினைத்துத்தான் செய்தேன்.

குஷன் வேலை செய்கிறவர் வாயாடி. கதவைத் திறந்தவுடன் ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சார் இது, காரா, பஞ்சுமிட்டாய் மெஷினா? தொட்டா பறக்குது!"

"எம்புட்டு நாள் ஆகும்?"

"கல்யாண சீசன் சார், தலைக்கு மேல வேலை. நான் ஒண்ணு சொல்றேன். பழசு மேலயே நல்லதா ஒரு கவர் இழுத்துப் போட்டுர்றேன். டோர் பேடுக்கும் மேலயே ஒட்டிர்றேன். சாயங்காலம் ஓட்டிட்டுப் போயிருங்க."

"வேண்டாம். அழுக்கு உள்ளேயே இருக்கும். எல்லாத்தையும் உரிச்சிருங்க. வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும். அதே கலர், அதே கோடு."

"இந்த மாட்டுச்சாணிக் கலரை இப்ப எவன் சார் போடுறான்?"

"நான் போடுறேன்."

அவர் சிரித்துவிட்டு, அப்படியே வேண்டுமென்றால் பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அதைப் புது ரெக்சின் மேல் விரித்து, சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்ட வேண்டும், பழசு ஒன்றுக்கும் ஆகாது என்றார். ஆகாமல் போகட்டும் என்றேன்.

நான் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. பிளேடு தையலில் ஓடுவதும், சீட் தோல் உரிந்து தட்டையாக விழுவதும், அதைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு வருவதும் ஒரு பாடம் நடப்பதுபோல் இருந்தது. பிறகு அவர் முன்கதவின் உள்பக்கத்தை மூடியிருந்த பேடைக் கழற்றினார். கிழிசலுக்குப் பின்னால் கதவின் பள்ளத்தில் கைவிட்டு அள்ளி வெளியே போட்டார். கடலைமிட்டாய்த் தாள்கள், புளியங்கொட்டைகள், முறுக்குத் துண்டுகள், ஒரு மாங்கொட்டை. சில தாள்களில் நிறமே இல்லை, அவ்வளவு பழசு.

"சார், கதவுக்குள்ள ஒரு பெட்டிக்கடையே வச்சிருந்திருக்கீக!"

"பிள்ளை சின்னதா இருந்தப்ப போட்டிருக்கும்" என்றேன். எரிச்சலாக இருந்தது. என் சட்டத்தை எனக்குத் தெரியாமல் மீறியிருக்கிறார்கள் என்கிற எரிச்சல். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வேலை முடிந்தபோது வண்டி நான் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருந்தது. கூரை இழுத்துக் கட்டின மேளம்போல் விறைப்பாக இருந்தது. அந்த வாடையும் அதேதான், புது ரெக்சின் வாடை. சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

சாயங்காலம் அவளை அழைத்துவந்தோம். நான் கதவைத் திறந்து பிடித்தேன். அவள் உள்ளே பார்த்தாள். பிறகு இடது காலால் வலது காலைத் தட்டினாள். வலது காலால் இடது காலைத் தட்டினாள். செருப்பில் மண் ஒன்றும் இல்லை. வீட்டு வாசலில் இருந்து இரண்டடிதான் வந்திருக்கிறாள். தட்டிக்கொண்டே இருந்தாள். ஏறவில்லை.

"ஏறுங்கக்கா, ஒங்க வண்டிதேன். மாப்பிள்ள மாதிரி ஆக்கிக் கொண்டாந்திருக்காரு பாருங்க" என்று அந்த அம்மா முதுகில் கைவைத்து ஏற்றிவிட்டார்.

சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். சாயவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். புளியமரத்தடியில் நிறுத்தி இட்லியை எடுத்தேன். வாயை இறுக்கி மூடினாள். நான் இறங்கித் தள்ளி நின்றேன், வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்றேன். திரும்பி வந்தபோது டப்பா வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. நிமிர்ந்த முதுகோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். கல்யாணத்துக்குப் போகவில்லை. போகிற நிலையில் அவள் இல்லை. கஞ்சித் தண்ணீரிலும் இளநீரிலும் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தால் கொஞ்சம் உள்ளே போகும், அவ்வளவுதான். டாக்டர் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கூட்டிவாருங்கள், குழாய் போட்டுவிடலாம், இனித் தள்ளிப்போட முடியாது என்றார்.

நான் குஷன் கடைக்கு ஓடினேன். பழைய உறை எங்கே என்று கேட்டேன்.

"பழசா? கோடு போட்டு வெட்டினதும் தூக்கிப் போட்டாச்சு சார். டோர் பேடு அட்டை குப்பை வண்டியில போச்சு. எதுக்கு சார்? தையல் எங்கயும் விட்டிருச்சா?"

"வேலை நல்லாத்தான் இருக்கு."

"பின்ன?"

பக்கத்து டீக்கடையில் ஒரு ஸ்டூலின் மேல் நாலாக மடித்து விரித்திருந்தது எங்கள் சீட் ரெக்சின். அந்தச் சாணிக் கலரை எங்கிருந்தாலும் எனக்குத் தெரியும். அதைப் பார்த்தபடி நின்றேன்.

"உக்காருங்க சார், சும்மா உக்காருங்க. மெத்து மெத்துன்னு இருக்கும்" என்றார் டீக்கடைக்காரர்.

"இது எனக்கு வேணும்ணே."

"ஸ்டூலா?"

"மேல இருக்கிறது."

அவர் குஷன்காரரைப் பார்த்தார். குஷன்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குடுத்துருங்க மாப்ள என்று தலையாட்டினார். நடுரோட்டில் ஒரு கிழிந்த ரெக்சினைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முகர்ந்து பார்த்தேன். டீ வாடைதான் வந்தது.

அதைக் கொண்டுபோய் அவள் சீட்டில் விரித்தேன். அவள் அதையும் தள்ளி வைத்துவிட்டு, நுனியிலேயே உட்கார்ந்தாள். மகள் போனில் அழுதாள். "அப்பா, வண்டிய விடுங்கப்பா. இது வியாதி. நீங்க சீட்ட மாத்தினதால வந்தது இல்ல" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் அவள் பார்க்காத ஒன்றை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறும் முன் அவள் அம்மா கால் தட்டுகிறாள். எண்ணெய் படாமல் நிமிர்ந்து உட்காருகிறாள். எல்லாவற்றையும் மறந்தவள் என் சட்டங்களை மறக்கவில்லை. பிய்ந்து நாறிப்போன வண்டியில் அவை இல்லாமல் போயிருந்தன. நான்தான் காசு கொடுத்து அவற்றைத் திரும்பப் பொருத்திவைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்த அம்மா அவளுக்குத் தலைசீவிக்கொண்டிருந்தபோது, நான் சவரப் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். முன்கதவைத் திறந்து, கைப்பிடிக்குக் கீழே முன்பு கிழிசல் இருந்த இடத்தைக் கையால் தடவி நிதானித்து, கிழித்தேன். புது ரெக்சின் லேசில் வரவில்லை. பிளேடு பெருவிரலிலும் கீறிவிட்டது. விரலை உள்ளே விட்டு ஸ்பாஞ்சைக் கொஞ்சம் பிய்த்து வெளியே இழுத்துவிட்டேன். இதனால் ஏதாவது ஆகும் என்று நம்பிச் செய்தேன் என்று சொல்ல முடியாது. மறுநாள் அவள் கையைக் கட்டப்போகிறார்கள். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

நாங்கள் இருவர் மட்டும் போனோம். வழியில் அவள் அதைப் பார்த்துவிட்டாள். நான் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே ஓட்டினேன். அவள் விரல் உள்ளே போகவில்லை. உள்ளங்கையை விரித்துக் கிழிசலை மூடிக்கொண்டாள். நன்றாக அழுத்தி மூடிக்கொண்டாள். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். கை அங்கேயே இருந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே."

டிரைவரை, கண்டக்டரை, கடைக்காரரை ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல் அழைத்தாள். எத்தனையோ நாள் கழித்து அவள் பேசிய முதல் சொல்.

"அண்ணே, இதை நான் கிழிக்கல."

"இல்லம்மா, நீங்க கிழிக்கல" என்றேன்.

"அவரு பாத்தா வைவாரு. சொல்லிறாதீக."

"சொல்ல மாட்டேன்."

அவள் கண்ணாடிக்கு வெளியே முன்னும் பின்னும் சாலையைப் பார்த்தாள்.

"அவரு எங்கே?"

"காலேஜுக்குப் போயிருக்காரு. வர நேரமாகும்."

டப்பாவைப் பார்த்தாள். "அப்பக் குடுங்க. வெரசா" என்றாள்.

நான் ஊட்டினேன். சாலையைப் பார்த்தபடியே வேகமாகத் தின்றாள். தின்று முடித்ததும் மடியில் விழுந்திருந்த இட்லித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கிழிசலை மூடியிருந்த கையை எடுத்து, துணுக்குகளை அதற்குள் திணித்து, ஆள்காட்டி விரலால் ஆழமாகத் தள்ளினாள். அந்த விரல் போன வேகத்தில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. கடலைமிட்டாய்த் தாள்கள் யாருடையவை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் பெட்ரோல் போட இறங்கிய நேரம், நான் யாரையாவது பார்க்கப் போன நேரம், டீ குடிக்க நின்ற நேரம். மகளும் அவளுமாகவோ, அவள் மட்டுமோ. முதன்முதலில் இட்லி காணாமல் போனதும் காற்றோட்டத்தால் அல்ல.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். சாப்பிடுகிறாள் என்றேன். பார்ப்போம், தள்ளிப்போடுவோம் என்றார்.

ஒரே ஒருமுறை நான் அவளிடம் உண்மையைச் சொல்லப் பார்த்தேன். அதே இடத்தில், அவள் பாதி சாப்பிட்டிருந்தபோது. "நான்தான் அவரு. நான் இனி வைய மாட்டேன். நீ எங்க வேணும்னாலும் தின்னு" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள். வாயில் இருந்ததை விழுங்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, குனிந்து, சேலைத் தலைப்பால் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துத் துடைத்து, வீடு வருகிறவரை துடைத்தாள். அன்று அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை.

அதன்பின் நான் சொல்லவில்லை. இப்போதும் தினமும் சாயங்காலம் போகிறோம். நான் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்கம்மா" என்கிறேன். அவர் எங்கே என்று அவள் கேட்கிறாள். காலேஜுக்கு என்கிறேன். அவள் தின்கிறாள்.

கதவில் எறும்பு ஏறிவிட்டது. கண்ணாடியை இறக்கினால் வரிசையாக வெளியே வருகிறது. மருந்து அடிக்கட்டுமா என்று அந்த அம்மா கேட்டார். இருக்கட்டும் என்றேன்.